எல்லோருக்கும் இருபத்துநான்கு

பெருமதிப்புக்கும் பேரன்புக்கும் உரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் ஒரே தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அத்தானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அத்தானின் முழங்கால் வலி போன மாதத்தைவிடக் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதைத் தெளிவாக எழுதவும். இங்கே நான், என் மனைவி, உங்கள் மகள் சின்னக்குட்டி மூவரும் உடம்பளவில் நலம். உடம்பளவில் என்று ஏன் எழுதினேன் என்பது போகப் போகத் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் நின்றுகொண்டு படிக்காமல் உட்கார்ந்து படியுங்கள், அத்தானையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், உங்கள் மகள் படிக்கிற படிப்பின் மேல் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் பெட்டியும் கையுமாக வந்து இறங்கி, "மாமா, நான் மனுஷங்களோட குணத்த அளக்கப் போறேன், உங்க குடியிருப்புல இருக்கிற முப்பத்தாறு வீடும் எனக்கு வேணும்" என்றபோது, அளப்பது என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நான் யார்? முப்பத்துநாலு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன். கடை கடையாக ஏறி இறங்கித் தராசையும் எடைக்கல்லையும் லிட்டர் குவளையையும் சோதித்து, சரியானதற்கு முத்திரை குத்தி, தப்பானதைப் பறிமுதல் செய்தவன். நான் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் தராசுத் தட்டைத் துடைக்க ஆரம்பிப்பார்கள். நம் குடும்பத்தில் இன்னொரு ஆள் அளக்கிற வேலைக்கு வருகிறாள் என்றால் சந்தோஷம் இருக்காதா? "கருவி எங்கேம்மா, எடு பாக்கலாம்" என்றேன். அவள் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். முன்னும் பின்னும் அச்சடித்த ஒரே ஒரு காகிதம், அதில் நாற்பது வரி. "இது சரி, கருவி எங்கே?" என்றேன். "இதுதான் மாமா கருவி" என்றாள்.

அவள் விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் வருவது புரியாது. மனிதர்களுக்கு ஆயிரம் குணம் இருந்தாலும் கூட்டிப் பெருக்கிப் பார்த்தால் ஐந்து பெரிய குணங்களில் அடங்கிவிடுமாம். ஒரு ஆள் எவ்வளவு கலகலப்பு, அடுத்தவர்களோடு எவ்வளவு ஒத்துப்போவார், எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு பதற்றம், புதிதாக ஒன்று வந்தால் எவ்வளவு மனசு திறந்து பார்ப்பார், இவ்வளவுதான். குணத்துக்கு எட்டு வரி. ஒவ்வொரு வரியும் தனக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்ணில் டிக் போட வேண்டும். "சரி, நான் எந்த வகை?" என்று கேட்டேன். "வகையே கிடையாது மாமா. ஆளுங்களை நெட்டை, குட்டைன்னு ரெண்டே பெட்டியிலயா போடறோம்? உயரத்துக்கு ஒரு கோல் இருக்கு, எல்லாரும் அதுல எங்கயோ ஒரு இடத்துல நிக்கிறோம். குணமும் அப்படித்தான். நடுவுல கூட்டம் ஜாஸ்தி, ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் பேரு" என்றாள். கோல் என்றதும் எனக்கு மறுபடி மரியாதை வந்தது. ஆனால் டிக் போடப்போவது அவரவரேதான் என்றதும் அது இறங்கிவிட்டது. தராசைக் கூப்பிட்டு நீ சரியாக நிறுக்கிறாயா என்று தராசிடமே கேட்டு முத்திரை குத்தியிருந்தால் என்னை எப்போதோ வேலையைவிட்டுத் துரத்தியிருப்பார்கள். அதைச் சொன்னேன். சிரித்தாள். "அதனாலதான் மாமா, நெருக்கமானவங்க ரெண்டு பேர்கிட்டயும் தனித்தனியா கேப்போம். முதல்ல நம்ம வீட்டுலயே பாத்துடலாம். உங்களப் பத்தி அத்தை ஒண்ணு நிரப்பட்டும். ரெண்டாவது ஆள நான் பாத்துக்கறேன்."

நான் என்னுடைய தாளை மூன்று முறை நிரப்பினேன். ஒரே கல்லை மூன்று முறை நிறுத்தால் ஒரே எடை வர வேண்டும், இது என் தொழிலில் பாலபாடம். பொறுப்பு மூன்று முறையும் நாற்பதுக்கு நாற்பது வந்தது. அடுத்தவர்களோடு ஒத்துப்போவது மட்டும் காலையில் முப்பத்தொன்று, சாப்பாட்டுக்குப் பிறகு முப்பத்தைந்து, சாயங்காலம் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்து போன பிறகு இருபத்தாறு. "உன் கருவியில் முள் ஆடுகிறது" என்றேன். "கொஞ்சம் ஆடும் மாமா, பரவால்ல. எக்கச்சக்கமா ஆடினாத்தான் கேள்வி சரியில்லன்னு அர்த்தம். உண்மையிலேயே குணம் மாறவும் செய்யும், ஆனா வருஷக்கணக்குல, மெதுவா" என்றாள். முப்பத்துமூன்றாவது வரியில், 'தவறு செய்தால் நானே முன்வந்து ஒத்துக்கொள்வேன்' என்று இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஐந்து போட்டேன். என் மனைவி என்னைப் பற்றி நிரப்பிய தாள் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. வேண்டுமென்று பார்க்கவில்லை, கண்ணில் பட்டது. பொறுப்புக்கு முப்பத்தெட்டு வருகிற மாதிரி போட்டிருந்தாள், அதில் குறை சொல்ல மாட்டேன். ஒத்துப்போவதற்குப் பதின்மூன்று. முப்பத்துமூன்றாவது வரியில் ஒன்று. ஒன்று என்றால் துளிக்கூடப் பொருந்தாது என்று அர்த்தம். "என்ன இது?" என்றேன். "கேட்டிருந்தாங்க, போட்டேன்" என்றாள். "நான் எப்போ தப்பு பண்ணிட்டு ஒத்துக்காம இருந்தேன்?" "நீங்க எங்கங்க தப்பு பண்ணீங்க? முப்பத்தொரு வருஷத்துல ஒரு தடவகூடப் பண்ணலயே" என்றாள். இரண்டு நாள் இதைப் பாராட்டு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன்.

இனிதான் அக்கா விஷயம். சின்னக்குட்டி தாளின் மூலப்பிரதியை என்னிடம் கொடுத்து, "மாமா, இத எண்பது காப்பி எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள். ஜெராக்ஸ் கடையில் எனக்கு முன்னால் ஒருவர் தடிப் புத்தகம் ஒன்றை முழுசாக நகலெடுத்துக்கொண்டிருந்தார். சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று மூலப்பிரதியை ஆய்வாளர் கண்ணோடு வாசித்துப் பார்த்தேன், தூக்கிவாரிப்போட்டது. பாதி வரிகள் தலைகீழாக இருந்தன! நாலாவது வரி 'நான் எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசுவேன்' என்கிறது, பன்னிரண்டாவது வரி 'நாலு பேர் கூடிய இடத்தில் நான் வாயைத் திறப்பதில்லை' என்கிறது. ஒன்றில் ஐந்து போட்டால் வாயாடி, இன்னொன்றில் ஐந்து போட்டால் ஊமை. 'என் பொருள்களை அதனதன் இடத்தில் வைப்பேன்' என்று ஒரு வரி, 'என் பொருள்கள் அங்கங்கே கிடக்கும்' என்று இன்னொரு வரி. ஒரே கடையில் ஒரு தராசு முள் வலது பக்கமும் இன்னொரு தராசு முள் இடது பக்கமும் போனால் நான் விட்டிருப்பேனா? பாவம், சின்னப்பெண், அவசரத்தில் எழுதியிருக்கிறாள், பேராசிரியையும் கவனிக்கவில்லை, நல்ல வேளையாகத் தாய்மாமன் கையில் வந்தது என்று நினைத்துக்கொண்டு சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்தேன். கடையில் டைப் அடிக்கிற பெண்மணியைப் பக்கத்தில் உட்கார வைத்து இரண்டு மணி நேரத்தில் இருபது வரிகளையும் நேராக்கினேன். 'வாயைத் திறப்பதில்லை' என்பதை 'நன்றாகப் பேசுவேன்' ஆக்கினேன். 'அங்கங்கே கிடக்கும்' என்பதை 'அடுக்கி வைப்பேன்' ஆக்கினேன். எழுத்து, வரிசை எண், இடைவெளி எல்லாம் அச்சு அசலாக முன்பு போலவே. எண்பது காப்பியையும் கட்டிக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். வெற்றுப் பெருமைக்காகச் செய்ததல்ல என்பதால் அவளிடம் இதைச் சொல்லவும் இல்லை.

வீடு வீடாகப் போய் எழுபத்தொரு பேரிடம் நிரப்பி வாங்கினாள். தானே உட்கார்ந்து எழுதிய கேள்விகள் என்பதால் யாருமே திரும்பப் படித்துப் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அவளும் டிக் போட்ட எண்களை மட்டும் கணினியில் ஏற்றினாள். நிரப்பிய தாளையெல்லாம் நான் பூச்சி அரிக்காமல் பரணில் ஏற்றினேன். ஒவ்வொருவருக்கும் முடிவைத் தனி உறையில் தர வேண்டும் என்பது செயலாளர் போட்ட நிபந்தனை, அதன்படி முதல் பன்னிரண்டு பேருக்கு உறை போனது. எல்லா உறையிலும், எல்லாக் குணத்துக்கும், இருபத்துநான்கு. இங்கே ஒரு இருபத்துமூன்று, அங்கே ஒரு இருபத்தைந்து. மற்றபடி இருபத்துநான்கு.

எங்கள் மூன்றாவது மாடியில் ஒரு அம்மாள் இருக்கிறார், குடியிருப்பில் எல்லோரும் ரேடியோ என்றுதான் சொல்வோம், அவருக்கும் தெரியும், அதில் அவருக்குப் பெருமையும் உண்டு. எதிர்வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற நூலகர். பூட்டு என்று பெயர். பதினோரு வருஷத்தில் அவர் என்னிடம் பேசிய சொற்களை எண்ணினால் ஒரு தபால் அட்டையில் அடங்கிவிடும். இந்த இருவரும் லிஃப்டில் உறையைப் பிரித்திருக்கிறார்கள். கலகலப்பு அவருக்கும் இருபத்துநான்கு, இவருக்கும் இருபத்துநான்கு. ரேடியோ நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, "நானும் பூட்டும் ஒண்ணா? நாப்பது வருஷமா நான் பேசினதெல்லாம் எங்க போச்சு? இனிமே பேசறதா இல்ல, போங்க" என்று சொல்லிவிட்டுப் போய் நிஜமாகவே வாயை மூடிக்கொண்டார். மூன்றாம் நாள் அவர் கணவர் கீழே இறங்கி வந்தார். "சார், எப்படியாவது கொஞ்சம் கூட்டிப் போட்டுக் குடுத்துடுங்க. வீட்டுல குழாய் சொட்டறது கேக்குது சார். அது சொட்டும்னே எனக்கு இதுவரைக்கும் தெரியாது" என்று கெஞ்சினார். பூட்டு வந்தது அதற்கு அடுத்த நாள். வாசலில் நின்றே, தான் அதிகம் பேசாதவன் என்பதை நிரூபிக்க நாற்பது நிமிஷம் பேசினார். பள்ளிக்கூடத்தில் பேசாதது, நூலகத்தில் பேசாதது, தன் கல்யாணத்தில் பேசாதது என்று வயது வாரியாகச் சொல்லிக்கொண்டே வந்தார். என் மனைவி நடுவில் டீ கொடுத்தாள். குடித்துவிட்டு ஓய்வுபெற்ற பிறகு பேசாததைச் சொன்னார்.

செயலாளருக்கு வந்த கோபத்தை எழுத்தில் வடிக்க முடியாது. பொறுப்பில் அவருக்கும் இருபத்துநான்கு, தினமும் வாசலை மறித்து வண்டியை நிறுத்திவிட்டுப் போகிற முதல்மாடி வாலிபனுக்கும் இருபத்துநான்கு. அவசரக் கூட்டம் போட்டார். எங்கள் சங்கத்தில் இதுவரை எந்தத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியதில்லை, படிக்கட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்று இரண்டு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். அன்றைக்கு, நாங்கள் யாரும் யாரைப் போலவும் இல்லை என்ற தீர்மானத்தை எல்லோரும் ஒரே குரலில் கைதூக்கி நிறைவேற்றினார்கள். சின்னக்குட்டி ஓரத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் படிப்பைப் பற்றி மனசுக்குள் பரிதாபப்பட்டேன். எதைப் போட்டாலும் ஒரே எடை காட்டுகிற தராசை ஐந்து நிமிஷத்தில் பறிமுதல் செய்துவிடலாம்.

ஒன்பதாம் தேதி அவள் எண்களையெல்லாம் எடுத்துக்கொண்டு பேராசிரியையைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்தபோது முகம் செத்துப்போயிருந்தது. என் மனைவி சோற்றைப் போட்டு எதிரே உட்கார்ந்து மெல்ல மெல்லக் கேட்டதில் சொன்னாள். பேராசிரியை பார்த்துவிட்டு, "ஒண்ணு, நீயே வீட்டுல உக்காந்து எழுபத்தொண்ணையும் நிரப்பியிருக்கணும். இல்லன்னா உங்க மாமா குடியிருப்புல மனுஷங்களே குடியில்ல" என்றாராம். இருபதாம் தேதிக்குள் காரணம் சொல்லாவிட்டால் வேறு இடத்தில் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், ஒரு வருஷம் வீண். அதைவிட, உங்கள் மகளைப் பித்தலாட்டக்காரி என்று ஒருவர் நினைத்துவிட்டார் என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை. "மாமாவோட தாளும் அத்தையோட தாளும் மட்டும் ஒழுங்கா வருது, அத்தை. மத்தது எல்லாம் இருபத்துநாலு. எங்க தப்புன்னே தெரியல" என்று சொல்லி அழுதாள். நாங்கள் இருவரும் மட்டும் அவள் அச்சடித்த தாளிலேயே நிரப்பியிருந்தோம் என்பது அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. ஆறுதல் சொல்கிற நினைப்பில், "பாதி வரி தலைகீழா எழுதியிருந்தியே, அதுல ஏதாவது குழப்பமோ?" என்று கேட்டேன்.

"தலைகீழாத்தான் மாமா எழுதணும். கணக்குப் போடும்போது அதத் திருப்பிடுவேன். அஞ்சு போட்டிருந்தா ஒண்ணு, ஒண்ணு போட்டிருந்தா அஞ்சு."

"எதுக்கு அப்படி?"

"நம்ம வாட்ச்மேன் அண்ணன் இருக்காருல்ல? எதக் கேட்டாலும் ஆமாங்கம்மாம்பாரு. 'நீங்க நல்லா பேசுவீங்களா?' ஆமாங்கம்மா. 'நீங்க வாயே திறக்க மாட்டீங்களா?' ஆமாங்கம்மா. ரெண்டு பக்கமும் கேட்டாத்தானே மாமா அவரு படிச்சுப் போடறாரா, தலையாட்டறாரான்னு தெரியும்? எல்லாத்தையும் ஒரே பக்கமா கேட்டா தலையாட்டறவரு பெரிய மகானா வந்துடுவாரு."

அக்கா, அப்போதுதான் எனக்கு உறைத்தது. மனசுக்குள் கணக்குப் போட்டேன். ரேடியோ, நான் நேராக்கிய தாளில் எட்டு வரிக்கும் ஐந்து போட்டிருப்பார். நாலு வரிக்கு இருபது. மீதி நாலை இவள் திருப்பியிருப்பாள், ஐந்தெல்லாம் ஒன்றாகி நாலு. ஆக இருபத்துநான்கு. பூட்டு எட்டுக்கும் ஒன்று. நாலு வரிக்கு நாலு, திருப்பிய நாலுக்கு இருபது. இருபத்துநான்கு! முப்பத்துநாலு வருஷம் அடுத்தவர்கள் தராசில் குற்றம் கண்டுபிடித்த நான், ஒரு நல்ல தராசை என் கையாலேயே கெடுத்து, எழுபத்தொரு பேரையும் ஒரே எடையாக்கி, உங்கள் மகளை அழ வைத்திருக்கிறேன். இந்த வரியை எழுத எனக்கு எட்டு நாள் ஆகியிருக்கிறது.

இந்த எட்டு நாளும் நான் சும்மா இருக்கவில்லை. மூன்று முறை முயற்சி செய்தேன். முதல்முறை, "சின்னக்குட்டி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று நேருக்கு நேராக ஆரம்பித்தேன். அவள் கண்ணை அகல விரித்துக்கொண்டு, "சொல்லுங்க மாமா" என்றாள். அந்தக் கண்ணைப் பார்த்ததும் நாக்கு புரண்டு, சுவர்க்கடிகாரத்துக்குப் பேட்டரி மாற்றுவது எப்படி என்று பதினைந்து நிமிஷம் சொல்லிவிட்டேன். இரண்டாம் முறை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி அவள் பைக்குள் போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'தவறு' என்று எழுதி, அது கொஞ்சம் அதிகம் என்று 'பிழை' ஆக்கி, அதையும் அடித்து 'சிறு மாற்றம்' ஆக்கி, கடைசியில் சீட்டு முழுக்கச் சிவப்பாகி என்ன எழுதினேன் என்று எனக்கே படிக்க முடியவில்லை. மூன்றாம் முறை ஒத்திகை பார்ப்பதற்காகப் பூட்டிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், ரகசியம் காப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று நம்பி. ஆனால் இருபத்துநான்கு வந்ததிலிருந்து அவர் பழைய பூட்டு இல்லை, பேச்சில் ருசி கண்டுவிட்டார். அன்றைக்கே ரேடியோவிடம் சொல்லிவிட்டார். நல்லகாலம், ரேடியோ இன்னும் மௌனத்தில் இருக்கிறார். என் மானம் இப்போது அந்த அம்மாளின் கோபத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதில் என்னை வாட்டுவது சின்னக்குட்டியின் நிலைமைதான். பத்தாம் தேதி ஏதோ பைண்டிங் வேலை என்று ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்தாள், அதிலிருந்து துக்கம் வேறு ரூபம் எடுத்திருக்கிறது. கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சாப்பிடுகிறாள். குளிக்கும்போது பாடுகிறாள். என்னைப் பார்த்தால் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மாமா, ஏதாவது சொல்ல வந்தீங்களா?" என்கிறாள். இல்லை என்றால் பெருமூச்சுவிட்டுவிட்டு உள்ளே போகிறாள், உள்ளே அவளும் அத்தையும் சேர்ந்து தேம்புவது போல ஒரு சத்தம் கேட்கிறது. துக்கம் முற்றினால் இப்படியெல்லாம் ஆகும் போலிருக்கிறது. இன்றைக்குப் பதினேழு. இன்னும் மூன்றே நாள். அந்தப் பெண் இரண்டு மாதமாக முப்பத்தாறு வீட்டுப் படியேறி இறங்கியதை நான் பார்த்தேன் அக்கா. ஒரு வீட்டில் மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள், நாலாவது முறையும் சிரித்த முகமாகப் போனாள். அந்த உழைப்பை நான் வீணாக்கிவிட்டேன் என்று நினைத்தால் எனக்கு அழுகையே வருகிறது.

ஆகவே நான் முடிவெடுத்துவிட்டேன். இக்கடிதம் கண்டவுடன் நீங்கள் சின்னக்குட்டிக்குப் போன் செய்து, பக்குவமாக, அத்தானைவிட்டுச் சொல்லாமல் நீங்களே சொல்லிவிட வேண்டியது. 'மாமா வேணும்னு செய்யல, பொறுப்பு அதிகமானதால வந்த வினை' என்று ஆரம்பித்தால் நன்றாக இருக்கும். எந்த நேரத்தில் போன் செய்வீர்கள் என்று முன்கூட்டியே தெரிவித்தால் நான் அந்த நேரத்துக்கு மொட்டைமாடியில் இருப்பேன். பேராசிரியையிடம் நானே நேரில் போய் மூலப்பிரதியையும் என் பிரதியையும் காட்டி, குற்றம் முழுக்க என்னுடையது என்று எழுத்தில் கொடுக்கவும் தயார். இனி யாருடைய எழுத்திலும் கை வைப்பதில்லை என்று முடிவு செய்து, சிவப்புப் பேனாவை என் மனைவி முன்னாலேயே அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டேன். "பாப்போம்" என்றாள்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் காலை நீட்டி உட்காரட்டும். நீங்கள் இருவரும் நூறு வயது தாண்டி இருந்து, இந்தத் தம்பியைத் திட்டுவதற்கு உங்களுக்கு எப்போதும் குரலும் பலமும் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன். என் மனைவி தன் அன்பைத் தனியாக எழுதுவதாகச் சொன்னாள், அவள் எழுதுவதை அப்படியே நம்ப வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
தம்பி

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். போன் செய்ய வேண்டாம். உறையை ஒட்டப் பசை தேடி உள்ளே போய் வருவதற்குள் சின்னக்குட்டி கடிதத்தை எடுத்து நின்றபடியே முழுசும் படித்துவிட்டாள். வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் எந்தப் பக்கம் ஓடலாம் என்று நான் யோசிக்கையில் அவள் நாற்காலியில் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளுக்குப் பத்தாம் தேதியே தெரியுமாம்! பைண்டிங்குக்குப் போன இடத்தில் அந்த டைப் அடிக்கிற பெண்மணி, "உங்க மாமா எவ்வளவு பொறுப்பானவரும்மா, ரெண்டு மணி நேரம் உக்காந்து உங்க கேள்விய எல்லாம் நேராக்கிக் குடுத்தாரு" என்று புகழ்ந்திருக்கிறாள். வந்து, நான் இல்லாத நேரத்தில் பரணில் ஏறித் தாளை எடுத்துப் பார்த்து, எதையெல்லாம் திருப்பக் கூடாதோ அதைத் திருப்பாமல் கணக்கை மாற்றிப் போட்டிருக்கிறாள். கால் மணி நேர வேலையாம். ரேடியோ ஒரு ஓரத்துக்குப் போனார், பூட்டு இன்னொரு ஓரத்துக்கு, மற்றவர்கள் நடுவில். தலையாட்டுகிறவர்களை மட்டும் இனிப் பிரிக்க முடியாது, அதையே ஒரு அத்தியாயமாக எழுதச் சொல்லிப் பேராசிரியை பன்னிரண்டாம் தேதியே சமாதானமாகிவிட்டாராம். உள்ளே கேட்ட தேம்பல் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த சத்தம்.

"அப்போ ஏண்டி என்னை ஒரு வாரம் வதைச்சீங்க?" என்று கேட்டேன். அவள் தன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். என்னைப் பற்றி நிரப்ப வேண்டிய இரண்டாவது ஆள் அவளேதான். முப்பத்தொன்பது வரிக்கு டிக் போட்டிருந்தாள், முப்பத்துமூன்றாவது வரி மட்டும் காலி. "ஊகமா போடக் கூடாதுல்ல மாமா. பாத்துட்டுப் போடலாம்னு வெச்சிருந்தேன்" என்று சொல்லி, என் கண் முன்னாலேயே நாலு போட்டாள். "ஏன் அஞ்சு இல்ல?" என்றேன். "எட்டு நாள் ஆயிடுச்சு. அதுவும் எங்கிட்ட சொல்லாம அம்மாவுக்கு எழுதினீங்க" என்றாள். நியாயம்தான். அப்போது என் மனைவி கடிதத்தை வாங்கி, நான் அழுகை வருகிறது என்று எழுதிய இடம் வரை படித்தாள். பிறகு குளிர்சாதனப் பெட்டிமேல் கிடந்த தன் தாளை எடுத்து, முப்பத்துமூன்றாவது வரியில் இருந்த டிக்கை அடித்துவிட்டு, பென்சிலால் இரண்டில் போட்டாள். முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக முள் அசைந்திருக்கிறது அக்கா. எனக்கு அந்த நாலைவிட இந்த இரண்டுதான் பெரிசு.

இன்னொன்று: நீங்கள் சென்ற கடிதத்தில் அத்தான் தினமும் 'கொஞ்ச தூரம்' நடப்பதாக எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் என்பது ஒரு அளவே அல்ல. அதையும் சேர்த்து மொத்தம் ஒன்பது இடங்களில் திருத்தி, உங்கள் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தப் பின்குறிப்பு சிவப்பில் இருப்பதைப் பார்த்துத் தவறாக நினைக்க வேண்டாம், பூட்டி வைத்தது முதல் பேனா, இது சட்டைப்பையில் இருந்த இரண்டாவது. என் மனைவி பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. இப்போது அந்த இரண்டை அழிக்க வீடு முழுக்க அழிப்பானைத் தேடிக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் அது கிடைப்பதற்குள் இதை ஒட்டித் தபாலில் போட ஓடுகிறேன்.